வீட்ல எதிர்க்கிறாங்க, ஊழியத்துக்குப் போகணும்னு மனசு சொல்லுது, நான் என்ன பண்ணட்டும்?

கேட்ட தம்பியோட நெலமைய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் நான் சொல்றது மத்தவங்களுக்கும் புரியும். குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு கிராமம், வயசு 25, டிப்ளமோ முடிச்சுட்டு கடலூர் சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனில ஷிப்ட் வேலை. கூட வேலை செய்யற பிரண்ட் மூலமா ஆண்டவர ஏத்துக்கிட்டு ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போயிட்டிருக்கார், இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல. வீட்டுக்கு மூத்த பையன், கீழ ஒரு தங்கச்சி கல்யாண வயசுல. அம்மா சாப்பிடாம படுத்துக்கறாங்க, சித்தப்பா ஒரு தடவ கை நீட்டிட்டார், ஊர்ல மாரியம்மனுக்கு செடல் திருவிழா (உடம்புல அலகு குத்திக்கற நேத்திக்கடன்) வருது, காப்பு கட்டிக்கோ வரி குடுன்னு நிக்கறாங்க. பாஸ்டர் என்னடான்னா வேலைய விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துடுன்னு சொல்றார், எஸ்சி சர்டிபிகேட்ட பத்தி கேட்டா அது பாட்டுக்கு இருக்கட்டும்ங்கறார். "நான் வீட்ட விட்டு வராம இருக்கறது கோழைத்தனமா அண்ணா"ன்னு கேட்டிருக்கார்.

இல்ல தம்பி, கோழைத்தனம் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு துணிப்பைய எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வர்றது பெரிய வீரம்னு நிறைய சாட்சில கேட்டிருப்ப, எனக்கு அதவிட அதே வீட்ல தெனமும் கண் முழிச்சு அம்மாவுக்கு தண்ணி எடுத்துக் குடுத்துட்டு சத்தமில்லாம ஜெபம் பண்ற பையன்தான் பெரியவனா தெரியறான். நான் மஞ்சக்குப்பம், லுத்தரன் சபை, ரிட்டயர்டு வாத்தியார், புதுசா வர்ற பசங்களுக்கு வேதபாடம் எடுக்கறதால உன்ன மாதிரி நிறைய பேர பாத்துட்டேன், அதுல இருந்துதான் சொல்றேன்.

முதல்ல வர்ற எதிர்ப்ப பிரிச்சுப் பாக்கணும். எல்லா எதிர்ப்பையும் "சாத்தான் எழும்பறான்"னு ஒரே மூட்டைல கட்டிடறோம் நாம. 1 பேதுரு 4:15 எடுத்துப் படி, கொலைபாதகனா திருடனா பாடுபடக்கூடாதுன்னு சொல்லிட்டு அதே வரிசைல "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனாயாவது" பாடுபடக்கூடாதுன்னு பேதுரு போடறார். கேன்டீன்ல சாப்பிட்டுட்டு இருக்கறவன் தட்டு பக்கத்துல கைப்பிரதி வைக்கறது, சாமி படத்தப் பாத்து மூஞ்ச சுளிக்கறது, தங்கச்சிகிட்ட "நீயெல்லாம் நரகத்துக்குப் போவ"ன்னு சொல்றது, இதுக்கெல்லாம் அடி விழுந்தா அது இயேசுவுக்காக விழுந்த அடி கிடையாது, நம்ம வாய்க்கு விழுந்தது. நீ அப்படி பண்ணினன்னு சொல்லல, நீ எழுதினதுல அம்மா பூசின திருநீற தட்டி விட்டேன்னு ஒரு வரி இருந்துச்சு, அதனால சொல்றேன்.

அந்தத் திருநீறு விஷயத்தையே எடுத்துக்குவோம். ஷிப்டுக்கு கெளம்பும்போது அம்மா வாசப்படில நின்னு நெத்தில பூசி விடறாங்க, உனக்கு மனசாட்சி ஒத்துக்கல, வெடுக்குனு தலைய திருப்பற, திருநீறு பூரா அவங்க புடவைல கொட்டுது. அவங்களுக்கு அங்க நீ இயேசுவ ஏத்துக்கிட்டது தெரியாது, பெத்த புள்ள என் கைய தட்டி விட்டான்ங்கறது மட்டும்தான் தெரியும். கெமிக்கல் கம்பெனிக்குப் போற புள்ள பத்திரமா திரும்பி வரணும்னு பூசற கை அது. சாயங்காலம் அவங்க சும்மா உக்காந்திருக்கற நேரத்துல பக்கத்துல போய் உக்காந்து, அம்மா நெத்தில மட்டும் வேணாம்மா, அதுக்கு பதிலா நான் கெளம்பும்போது உன் கைய என் தலைல வச்சு அனுப்புன்னு கேளு. அழுவாங்க, திட்டுவாங்க, ரெண்டு நாள் பேசாம கூட இருப்பாங்க. ஆனா இத கேட்டு நடந்த வீட்ல மூணாவது வாரமே தலைல கை வைக்கற பழக்கம் வந்துட்டத நான் பாத்திருக்கேன்.

சாப்பாட்டு விஷயம் இத விட சுலபம், நாமதான் கஷ்டமாக்கிக்கறோம். 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்துல பவுல் தெளிவா சொல்லிட்டார், கடைல விக்கறத கேள்வி கேக்காம வாங்கி சாப்பிடு, நம்பாதவங்க சாப்பிடக் கூப்பிட்டா போய் வச்சத சாப்பிடு, இது படைச்சதுன்னு ஒருத்தர் எடுத்துச் சொன்னா மட்டும் விட்டுடு, அதுவும் சொன்னவரோட மனசாட்சிக்காக. ஆடி மாசம் தெருவுக்கே ஊத்தற கூழு, பக்கத்து வீட்டு பொங்கல், கல்யாண சாப்பாடு இதுக்கெல்லாம் முகம் திருப்பாத. படையல் எலைல இருந்து எடுத்து "சாமி பிரசாதம், சாப்பிடு"ன்னு நேரா குடுத்தா, வேணாம் அத்தைன்னு கையெடுத்துக் கும்பிட்டு சொல்லிடு, பக்கத்துல சாதாரணமா வச்சிருக்கற சோத்த கேட்டு வாங்கி சாப்பிடு. அவங்க வீட்ல சாப்பிட மாட்டேன்ங்கறதுக்கும் படைச்சத சாப்பிட மாட்டேன்ங்கறதுக்கும் ஊருக்குள்ள எவ்வளவு தூரம்னு உனக்கு சொல்ல வேண்டியதில்ல, காலனிக்காரன் வீட்ல தண்ணி குடிக்க மாட்டேன்னு சொன்னவங்கள பாத்து வளந்தவங்க நாம.

வரி. இது உங்க பாஸ்டருக்கு புரியாது, டவுன்ல இருக்கறவர். கிராமத்துல தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவுன்னு ஊர் வாங்கற பங்கு) குடுக்கலன்னா அது சாமி விஷயம் மட்டும் கிடையாது, ஊரோட சேர்ந்தவனா இல்லையாங்கற விஷயம், நாளைக்கு சாவு விழுந்தா யாரும் வர மாட்டாங்க. இப்ப உன் வீட்டுக்கு தலைக்கட்டு உங்கப்பா. வரி அவர் பேர்ல. நீ சம்பளத்துல வீட்டுக்கு குடுக்கறத குடுத்துடு, அதுல எத அவர் எங்க குடுக்கறார்னு ஆடிட் பண்ணாத, அது அவர் காசு ஆயிடுச்சு. காப்பு கட்டறது, செடல் குத்திக்கறது வேற, அது உன் உடம்பு உன் நேத்திக்கடன், அத நீ முடியாதுன்னு சொல்லலாம், சொல்லணும். கல்யாணம் ஆகி நீ தனித் தலைக்கட்டு ஆகும்போது ஊர் பெரியவங்கள தனியா வீட்ல போய் பாரு, கூட்டத்துல எழுந்து பேசாத, தெரு லைட்டுக்கு, தண்ணி பைப்புக்கு, பந்தலுக்கு சாப்பாட்டுக்கு என் பங்கு குடுக்கறேன், பூஜை செலவுல மட்டும் என்ன விட்டுடுங்கன்னு சொல்லு. சில ஊர்ல ஒத்துக்குவாங்க, சில ஊர்ல மாட்டாங்க.

நீ கேக்காத ஒரு கேள்வி, ஆனா உங்கம்மா மனசுல ஓடறது அதுதான்னு அடிச்சு சொல்லுவேன்: அப்பாவுக்கு கொள்ளி யார் போடறது? மூத்த புள்ள நீ. வேதக்கோயிலுக்குப் போன பையன் கொள்ளி வைக்க மாட்டான், மொட்டை போட மாட்டான், கருமாதிக்கு உக்கார மாட்டான், அப்ப புள்ள பெத்து என்ன பிரயோஜனம், இதான் அந்த பட்டினிக்கு பின்னாடி இருக்கற பயம். இத பத்தி நம்ம கூட்டங்கள்ல ஒருத்தரும் சொல்லிக் குடுக்கறதில்ல, "மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்"ங்கற வசனத்த எடுத்து வீசிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடறாங்க. அந்த வசனத்த வச்சு பெத்த அப்பா பொணத்துக்கு முன்னாடி கை கட்டி நிக்கலாம்னு யாரும் அர்த்தம் பண்ணக்கூடாது, ஏன்னா அப்பா அம்மாவ கனம்பண்ற கட்டளைய தட்டிக்கழிக்க "கொர்பான்"னு (அது கடவுளுக்கு காணிக்கையாயிடுச்சுன்னு) சாக்கு சொன்னவங்கள அதே இயேசுதான் மாற்கு 7ல கிழிச்சு எடுக்கறார்.

ஆதியாகமம் 50 படிச்சுப் பாரு. யாக்கோபு எகிப்துல சாகறார். யோசேப்பு என்ன பண்றான்? எகிப்து வைத்தியர்கள கூப்பிட்டு அந்த ஊர் முறைப்படி ஒடம்பு கெடாம இருக்க சுகந்தவர்க்கமிடச் சொல்றான், அதுக்கு 40 நாள், எகிப்துக்காரங்க 70 நாள் துக்கம் கொண்டாடறாங்க. ஒரு இடத்துலயும் ஆண்டவர் அவன கண்டிக்கல. ஆக, செத்த ஒடம்புக்கு ஊர் முறைல செய்யற மரியாதை வேற, செத்தவங்கள தெய்வமா வச்சு படைக்கறது வேற. என் கருத்து என்னன்னா, பாடை தூக்கறது, குழி வரைக்கும் நடக்கறது, கொள்ளி வைக்கறது, செலவ ஏத்துக்கறது இதெல்லாம் மகனோட கடமை, செய்யலாம். கருமாதில பிண்டம் வைக்கறது, திதி குடுக்கறது, அங்க நான் நிறுத்திக்குவேன், பந்தல் போடறதுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகற செலவ நான் பாத்துக்கறேன், சடங்கு சித்தப்பா பையன் பண்ணட்டும்னு சொல்லுவேன். பெந்தெகொஸ்தே சபைக்காரங்க கொள்ளியே கூடாதும்பாங்க, அவங்க மனசாட்சி அவங்களுக்கு. உனக்கும் அப்படித்தான் தோணுச்சுன்னா பரவால்ல, ஆனா அத பொணத்த வாசல்ல வச்சுக்கிட்டு சொல்லாத. அப்பா நல்லா இருக்கும்போதே, முடிஞ்சா அவர்கிட்டயே, நான் கடைசி வரைக்கும் உன்ன பாத்துக்குவேன், ஆஸ்பத்திரில நான்தான் படுப்பேன், சடங்கு மட்டும் இன்னார் பண்ணுவாங்கன்னு பேசி முடிச்சுடு. பாதி வீட்ல இந்த ஒரு பேச்சுலயே சூடு தணிஞ்சுடும்.

சித்தப்பா மாமாவெல்லாம் ஏன் இவ்வளவு கோவப்படறாங்கன்னு கேட்டிருந்த. தங்கச்சி கல்யாணம் ஒரு காரணம், அத கடைசில சொல்றேன். இன்னொன்னு, நம்ம பக்கத்துல வேதக்காரங்க மேல இருக்கற மனத்தாங்கல் நேத்து வாட்ஸ்அப்புல வந்ததுன்னு நெனச்சுக்காத. புதுச்சேரில 1748ல இங்கிலீஷ்காரன் முற்றுகை போட்டிருந்த நேரத்துல வேதபுரீஸ்வரர் கோயில இடிச்சாங்க, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே காலம், பக்கத்துல இருந்த சேசு சபை கத்தோலிக்க சாமியார்களுக்கு அந்தக் கோயில் ரொம்ப நாளா கண்ணுல உறுத்திட்டு இருந்தது, துய்ப்ளேகிட்ட துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல வயிறெரிஞ்சு எழுதி வச்சிருக்கார். இப்ப ஈஸ்வரன் கோயில்னு நாம பாக்கறது அப்புறம் கட்டினது. மிஷன் வீதில சம்பா கோயில் (அந்த சாமியார்களோட மாதா கோயில்) வாசல்ல நின்னு நம்மள எல்லாரும் துன்பப்படுத்தறாங்கன்னு பேசறதுக்கு முன்னாடி இதையும் தெரிஞ்சு வச்சுக்கணும். அதே நாட்குறிப்புல 1745ல இன்னொரு சேதி இருக்கு, அங்க சம்பா கோயில் உள்ளயே பறையர் கிறிஸ்தவங்கள தனியா உக்கார வைக்க ஒரு சுவர் இருந்துச்சு, காரைக்கால்ல இருந்து வந்த ஒரு சாமியார் அத பாத்துக் கேட்கப் போய், அந்த மக்களும் தெரண்டு வந்து நியாயம் கேட்டு, சுவர் இடிஞ்சுது.

இத நான் ஏன் இழுக்கறேன்னா, அழைப்புன்னு வர்றவனுக்கு எதிர்ப்பு வெளில இருந்து மட்டும் வரும்னு நீ நெனச்சுட்டு இருக்க, உள்ள இருந்து வர்றதுக்கு தயாரா இல்ல. நம்ம ஆற்காடு லுத்தரன் சபையே எப்படி பொறந்துச்சு தெரியுமா, கார்ல் ஆக்ஸ்னு ஒரு மிஷனரி, ஜெர்மனியோட லைப்சிக் லுத்தரன் மிஷன்காரர், சபைக்குள்ள சாதிய சகிச்சுக்கறத ஒத்துக்க முடியாதுன்னு அந்த மிஷனோட சண்ட போட்டு பிரிஞ்சு வந்து 1860கள்ல நெல்லிக்குப்பம் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்துல உக்காந்தார், அப்புறம் டேனிஷ் மிஷன் கைகுடுத்தது. சாதி கூடாதுன்னு ஆரம்பிச்ச சபைல இன்னிக்கு பொண்ணு பாக்கும்போது என்ன கேக்கறாங்கன்னு கேட்டா நான் தலைய குனிஞ்சுக்குவேன். 2008 மார்ச்ல எறையூர்ல தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கு தனிப் பங்கு (தனி சபை) கேட்டதுல கலவரம் ஆகி போலீஸ் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போச்சு, ரெண்டு பக்கமும் ஜெபமாலை வச்சிருந்தவங்கதான். நீ நாளைக்கு ஊழியக்காரனா ஆனாலும் உன் காலனி பேர சொல்லி ஒருத்தன் உன் கைல நற்கருணை வாங்க தயங்குவான். அந்த அடி சித்தப்பா அடிச்சத விட வலிக்கும். புனித தேவசகாயம் (நான் லுத்தரன், புனிதர் பட்டத்துல எனக்கு வேற அபிப்பிராயம், அது இருக்கட்டும்) 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் எடுத்து 1752 ஜனவரி 14ல காத்தாடிமலைல சுட்டுக் கொல்லப்பட்டவர், அரண்மனை அதிகாரி, எல்லா சாதியோடயும் சமமா பழகினதும் அவர் மேல இருந்த கோவத்துக்கு ஒரு காரணம். 2022 மே 15ல அவருக்கு பட்டம் குடுத்தப்ப பேருக்குப் பின்னாடி இருந்த சாதிப் பட்டத்த வத்திக்கான் எடுத்துடுச்சு. அத எடுக்கணும்னு மனு போட்டு கேக்க வேண்டியிருந்துச்சுங்கறதுதான் எனக்கு உறுத்தல்.

சட்டத்த சீக்கிரம் சொல்லிடறேன். அரசியல் சட்டம் 25ஆவது பிரிவுப்படி நீ ஒரு மதத்த ஏத்துக்க, கடைப்பிடிக்க, எடுத்துச் சொல்ல உரிமை இருக்கு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு. 1977ல சுப்ரீம் கோர்ட் ஸ்டனிஸ்லாஸ் வழக்குல எடுத்துச் சொல்ற உரிமை வேற, இன்னொருத்தர மாத்தற உரிமை வேற, ரெண்டாவது கிடையாதுன்னு சொல்லிடுச்சு. தமிழ்நாட்ல 2002ல கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004 தேர்தலுக்கு அப்புறம் திரும்ப எடுத்துட்டாங்க. ஆக 25 வயசு பையன் சொந்த விருப்பத்துல ஜெபத்துக்குப் போறது குத்தம்னு எந்த ஸ்டேஷன்லயும் சொல்ல முடியாது. ஆனா உங்க ஜெபக்கூட்டத்துல ராத்திரி முழு இரவு ஜெபத்துக்கு பாக்ஸ் வச்சு அலற விடறாங்கன்னு எழுதியிருந்தியே, ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு விதி இருக்கு, 2000த்துல ஜெபச் சத்தத்த பத்தி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்ததே சென்னைல ஒரு பெந்தெகொஸ்தே சபை வழக்குலதான், அடுத்தவன் தூக்கத்த கெடுத்து ஜெபிக்கச் சொல்லி எந்த மதமும் சொல்லலன்னுட்டாங்க. அந்த பாக்ஸ எறக்கச் சொல்லு, தெருவுல பாதி பகை போயிடும்.

சர்டிபிகேட் விஷயத்துல உங்க பாஸ்டரோட நான் ஒத்துப்போக மாட்டேன். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் இவங்களுக்கு மட்டும்தான் எஸ்சி அந்தஸ்து, கிறிஸ்தவனானா போயிடும், தமிழ்நாட்ல பிசி பட்டியல்ல சேப்பாங்க. இது அநியாயம், சாதிக்காரன் நீ கிறிஸ்தவனாயிட்டன்னு உன்ன ஊருக்குள்ள சேத்துக்கறானா என்ன, ஆனா இப்ப இருக்கற சட்டம் இதுதான். 2024 நவம்பர்ல புதுச்சேரியச் சேர்ந்த ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட் முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிடுச்சு, ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டு கிறிஸ்தவ விசுவாசத்த கடைப்பிடிச்சுக்கிட்டு வேலைக்காக மட்டும் இந்துன்னு எஸ்சி சான்றிதழ் கேக்கறது அரசியல் சட்டத்து மேல செய்யற மோசடின்னு. அந்த வழக்குல வில்லியனூர் கோயில் ஞானஸ்நானப் பதிவு வரைக்கும் எடுத்து வச்சு பேசினாங்க. பேப்பர்ல ஒரு ஆளு, ஞாயித்துக்கிழம வேற ஆளுன்னு வாழ்ந்துட்டு அதுமேல நின்னு நீ என்னத்த சத்தியத்த பிரசங்கம் பண்ணுவ? கவர்மெண்ட் எக்ஸாம் எழுதற எண்ணம் இருக்கா, தங்கச்சி படிப்புக்கு இது பாதிக்குமா (உன் மதமாற்றம் அவ சர்டிபிகேட்ட தொடாது, அவ தனி ஆள்), இதெல்லாம் உக்காந்து கணக்கு பாரு. லூக்கா 14ல கோபுரம் கட்டறவன் முதல்ல உக்காந்து செலவ கணக்கு பாக்கறான்னு ஆண்டவரே சொல்றார். கணக்கு பாத்துட்டு, நஷ்டம் தெரிஞ்சே எடுக்கற ஞானஸ்நானத்துக்கு ஒரு கனம் இருக்கு. பாஸ்டர் அது பாட்டுக்கு இருக்கட்டும்னு சொல்லி உனக்கு குறைச்சுக் குடுக்கற விலை நாளைக்கு உன் தலைலதான் விழும், அவர் தலைல இல்ல.

சரி, அழைப்புக்கு வருவோம், நீ அதிகமா எழுதினது அதத்தான்.

உனக்கு அழைப்பு இல்லன்னு நான் சொல்லல, சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்ல. ஆனா அழைப்பு வந்த ராத்திரியே ராஜினாமா லெட்டர்ங்கறது வேதத்துல நான் அதிகம் பாக்கல. தாவீத சாமுவேல் தைலம் ஊத்தி அபிஷேகம் பண்ணிட்டுப் போறார், அடுத்த சீன்ல சவுல் ஆள் அனுப்பும்போது அவன் எங்க இருக்கான்? ஆடு மேய்ச்சுக்கிட்டு இருக்கான், 1 சாமுவேல் 16லயே இருக்கு. ராஜான்னு தெரிஞ்சுட்டு திரும்பப் போய் ஆட்டுப் புழுக்க அள்ளினவன் அவன். பவுல் கொரிந்துல கூடாரம் தைச்சுக்கிட்டே பிரசங்கம் பண்ணார். அந்தியோகியால சபைதான் உபவாசம் இருந்து கை வச்சு பவுலையும் பர்னபாவையும் அனுப்புது, அவங்க அதுக்கு முன்னாடியே அங்க உக்காந்து போதிச்சுக்கிட்டு இருந்தவங்க. உன் அழைப்ப உன்ன தவிர, உங்க பாஸ்டர தவிர வேற யார் பாத்திருக்காங்க? உன் ஷிப்டுல இருக்கறவங்க சொல்றாங்களா? ஓவர்டைம் போடாத நாள்ல போட்டேன்னு எழுத மாட்டான், கேஸ் லீக் ஆனா ஓடி வந்து நிப்பான், கடன் கேட்டா இல்லன்னு சொன்னாலும் கூட வந்து உக்காருவான்னு யாராவது உன்ன பத்தி சொல்லியிருக்காங்களா? இத நான் சும்மா கேக்கல. ஊழியத்துக்கு வந்து ரெண்டே வருஷத்துல காணாமப் போன பசங்கள பாத்திருக்கேன், பெரும்பாலும் வீட்டுச் சண்டைல இருந்து தப்பிக்க வந்தவங்க, சண்ட முடிஞ்சதும் அழைப்பும் முடிஞ்சுடுச்சு.

அப்புறம் பணம். முகம் சுளிக்காத, ஊழியத்துல பணம் பத்தி பேசாதவங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். அம்மா மகளிர் குழுல லோன் வாங்கியிருக்காங்கன்னு எழுதியிருக்க, வார தவணைய உன் சம்பளம்தான் கட்டுது. நீ வேலைய விட்டா அத யார் கட்டுவா? விசுவாசத்துல கட்டுவார்னு பாஸ்டர் சொன்னாராம். தன் வீட்டார விசாரிக்காதவன் விசுவாசத்த மறுதலிச்சவன், அவிசுவாசியிலும் கெட்டவன்னு 1 தீமோத்தேயு 5:8 இருக்கே, அந்த விசுவாசம் எது? குழு தலைவி வீட்டு வாசல்ல வந்து நின்னு "புள்ள சாமியாரா போயிட்டானாமே, தவண யார் குடுப்பா"ன்னு கத்தினா அந்தத் தெருவுல அதுக்கப்புறம் எத்தன வருஷம் ஆனாலும் யாரும் நீ சொல்ற சுவிசேஷத்த கேக்க மாட்டாங்க. லோன் முடி. தங்கச்சிக்கு உன்னால முடிஞ்சத செஞ்சு முடி. அதுக்குள்ள அழைப்பு ஆவியாப் போயிடும்னு பயந்தா, போற அழைப்பு போகட்டும்.

காத்திருக்கற நேரத்துல சும்மா இருன்னு சொல்லல. பைபிள முழுசா ரெண்டு தடவ படி, யூடியூப் பிரசங்கத்த கொற. கடலூர் ஜிஎச்ல அட்டெண்டர் இல்லாத நோயாளிக்கு டீ வாங்கிக் குடுக்க ஆள் தேவப்படுது, மழக்காலத்துல நம்ம மாவட்டத்துக்கு எப்பவும் ஆள் தேவ, 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்ப, 2015 வெள்ளத்துல, பெஞ்சல் புயல் அப்பன்னு ஒவ்வொரு தடவையும் தூக்கறதுக்கு ரெண்டு கை கெடச்சா போதும்னு இருந்துச்சு. போ, தூக்கு. அரிசி மூட்டைக்குள்ள கைப்பிரதி வைக்காத. யாராவது நீ ஏன் இதெல்லாம் பண்றன்னு கேட்டா அப்ப சொல்லு, 1 பேதுரு 3:15 அதான் சொல்லுது, கேக்கறவங்களுக்கு சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல தயாரா இருன்னு, கேக்காதவன் காதுல ஊத்துன்னு சொல்லல.

எல்லாம் முடிஞ்ச பின்னாடியும் அந்த எண்ணம் போகலன்னா முறையா போ. ஆறு மாசத்துல "ரெவரெண்ட்" பட்டம் குடுக்கற இடங்கள் நிறைய, அதுக்குப் போகாத. செராம்பூர் செனட்டோட (இறையியல் பட்டம் குடுக்கற அமைப்பு) இணைஞ்ச கல்லூரில பி.டி.ங்கற இறையியல் பட்டம் படி, சென்னைல குருகுல் இருக்கு, மதுரை அரசரடில தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கு. அதுக்கு டிகிரி வேணுமா, உன் டிப்ளமோ பத்துமான்னு கல்லூரிலயே விசாரிச்சுக்கோ, வேணும்னா இப்பவே தபால்வழில ஒரு டிகிரிய ஆரம்பிச்சுடு. ஒரு சபை உன்ன ஸ்பான்சர் பண்ணி அனுப்பணும், அங்க உன்ன ரெண்டு மூணு வருஷமாவது பாத்திருக்கணும். உங்க பாஸ்டர்கிட்ட மரியாதையாவே மூணு விஷயம் கேளு: ஐயா, காணிக்கை கணக்க யார் பாக்கறாங்க, உங்களுக்கு மேல கேள்வி கேக்கற ஆள் யாரு, நான் வந்தா எனக்கு என்ன படிப்பு யார் சொல்லிக் குடுப்பா? பதில் சொன்னார்னா நல்ல மனுஷன், அவர விட்டுடாத. கேள்வி கேக்கறது கலகத்தின் ஆவின்னு சொன்னார்னா, அன்னிக்கு சாயங்காலமே வேற சபை பாக்க ஆரம்பி.

அடி விஷயம். சித்தப்பா ஒரு அறை விட்டத வாங்கிக்கிட்டு வந்துட்ட, நல்லது. ஆனா ரூம்ல பூட்டறது, போன புடுங்கிக்கறது, சம்பளத்த புடுங்கறது, ஆள் வச்சு மிரட்டறதுன்னு போனா அத சிலுவைன்னு சொல்லி சுமந்துக்கிட்டு இருக்காத. பவுல கசையால அடிக்கக் கட்டினப்ப நான் ரோமன்னு சொல்லி சட்டத்த கேட்டவர்தான் அவரு. கடலூர் கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, இலவசம், 15100க்கு போன் பண்ணாலும் பேசுவாங்க. ரெண்டு வாரத்துக்கு தங்கறதுக்கு ஒரு வீட்ட முன்னாடியே சொல்லி வச்சுக்கோ, அது பாஸ்டர் வீடா இருக்க வேணாம், பாஸ்டர் வீட்ல தங்கினா கடத்திட்டுப் போயிட்டாங்கன்னு கம்ப்ளைன்ட் குடுப்பாங்க, அவரு மாட்டுவார். கூட வேலை செய்யற இந்து பிரண்ட் ரூமா இருந்தா ரொம்ப நல்லது.

அம்மாவ பத்தி இன்னொன்னு. மாற்கு 3:21ல இயேசுவோட சொந்தக்காரங்களே அவர் மதிமயங்கியிருக்கார்னு பிடிச்சுட்டுப் போக வந்தாங்க, யோவான் 7ல கூடப் பொறந்தவங்களே அவர நம்பல. அதே தம்பி யாக்கோபுதான் பின்னாடி எருசலேம் சபைக்கு தலைவரா நிக்கறார். நடுவுல எத்தன வருஷம் அந்த வீட்ல என்ன பேசிக்கிட்டாங்கன்னு யாரும் எழுதி வைக்கல. உங்கம்மா பட்டினி கிடந்தா நீயும் பக்கத்துல தட்ட வச்சுக்கிட்டு உக்காரு, நீ சாப்பிட்டாதான் நான் சாப்பிடுவேன்னு சொல்லு, உபவாச ஜெபத்துக்கு இதவிட நல்ல நாள் கெடைக்காது.

தங்கச்சி கல்யாணம்னு சொன்னேனே. அண்ணன் வேதத்துல சேர்ந்துட்டான்னா பொண்ணு எடுக்க யோசிப்பாங்க, மாமா கோவத்துல முக்கால்வாசி அது. இதுக்காக உன் விசுவாசத்த மறைக்கச் சொல்லல, ஆனா மாப்பிள்ள வீடு பாக்க வர்ற அன்னிக்கு நீ போய் சாட்சி சொல்லிக்கிட்டு நிக்க வேண்டிய அவசியமும் கெடையாது. கேட்டா ஆமான்னு சொல்லு. பந்தக்கால் நடறதுல இருந்து பந்தி பரிமாறற வரைக்கும் ஓடி ஓடி செய், மாமன் சீர் மாதிரி அண்ணன் சீர் எவ்வளவு முடியுமோ செய், தாலி கட்டற இடத்துல பக்கத்துலயே நில்லு, அட்சதைய போடறதுல எனக்கு தப்பு தெரியல, ஹோமத்துல உக்கார வேண்டியது பொண்ணோட அப்பா அம்மா, நீ இல்ல.

ஞானஸ்நானத்த அம்மாகிட்ட சொல்லிட்டு எடுக்கவா சொல்லாம எடுக்கவான்னு கடைசியா கேட்டிருந்த. சொல்லிட்டு எடு. தேதி குறிச்சதும் அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் நீயே சொல்லு, பக்கத்து வீட்டுக்காரி போட்டோ பாத்து சொல்லி அவங்க தெரிஞ்சுக்கற மாதிரி வச்சுடாத, பேஸ்புக்ல போடவும் வேணாம். செடல் முடிஞ்சு ஒரு மாசம் போகட்டும், அந்த நேரத்துல வேணாம், ஊரே காப்பு கட்டியிருக்கும்போது நீ தண்ணில முங்கினா அத சவாலாத்தான் எடுத்துக்குவாங்க. வரமாட்டாங்கன்னு தெரிஞ்சாலும் வாங்கன்னு கூப்பிடு. எங்க சபைல எடுக்கணும்னு இல்ல, ஆனா பேச ஆள் வேணும்னா ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு பதினொரு மணிக்கு மேல மஞ்சக்குப்பத்துல வந்து விசாரி, பி ஷிப்ட் இல்லாத வாரமா பாத்து வா.